உப்பின் மேல் போட்ட பழி: பாம்பனில் ஒரு டி டிரைவ்

"தம்பி, சனிக்கிழமை எழுதுன நண்டுக் கணக்கைக் காணோம்ப்பா" என்று பாம்பன் தெற்குவாடியில் இருந்து போன் வந்தபோது நான் மண்டபத்தில் என் கடையில் ஒரு பிரிண்டரைப் பிரித்துப் போட்டுவிட்டு, தெறித்துப் போன ஸ்பிரிங்கைத் தேடிக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை காலை. சனிக்கிழமைதான் அந்தக் கம்ப்யூட்டரைச் "சரிபண்ணி" 300 ரூபாய் வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். அதனால் ஸ்பிரிங் போனால் போகட்டும் என்று உடனே வண்டியை எடுத்தேன்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நாட்டுப்படகுக்காரர்களிடம் நண்டு எடுத்து எடை போட்டு மேலே அனுப்புகிற ஒரு சின்னக் கம்பெனி. கம்பெனி என்றால் ஓலைக் கொட்டகை, தராசு, ஐஸ் பெட்டிகள், ஓரத்தில் பிளைவுட் தடுப்புக்குள் ஒரு மேசை. அந்த மேசையில் இருப்பவரைச் சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் கணக்கு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பகலில் அக்கா ஒவ்வொரு படகுக்கும் முன்பணம் எவ்வளவு, கழித்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று விரிதாளில் எழுதுவார். சாயங்காலம் கல்லூரி முடித்து ஒரு பையன் வந்து பில் போடுவான், அந்த பில் மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்தியது, இந்தப் பழைய அசெம்பிள்ட் பெட்டியில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாததால் விண்டோஸ் 11-ம் முறையாக ஏறாது. அதனால் இணையம், மெயில், விரிதாள் எல்லாவற்றையும் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாற்றிவிட்டு, பில்லுக்கு மட்டும் விண்டோஸை அப்படியே வைத்துக்கொள்வோம் என்று யோசனை சொன்னதும் நான்தான். ஒரே ஹார்ட் டிஸ்க், 1 டிபி. சி-யில் விண்டோஸ், டி-யில் கணக்கு, கடைசியில் லினக்ஸுக்கு ஒரு பகுதி. டி என்டிஎஃப்எஸ், அதாவது விண்டோஸ் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை, லினக்ஸுக்கும் அது புரியும், ஆகவே இரண்டு பக்கமும் திறக்கும். திறக்கும் என்றுதான் சொல்லியிருந்தேன்.

சனிக்கிழமை வந்த புகார் இது: சில நாள் டி டிரைவ் லினக்ஸில் திறக்கிறது, ஃபைல் எல்லாம் தெரிகிறது, ஆனால் சேமிக்கப் போனால் படிக்க மட்டும்தான் முடியும் என்கிறது. சில நாள் ஒரு பிரச்சினையும் இல்லை. "மழை பேஞ்சா வர மாட்டேங்குது தம்பி" என்றார் அக்கா. நான் சிரித்துவிட்டேன், அது பெரிய தப்பு, பின்னால் சொல்கிறேன்.

சனிக்கிழமை நான் செய்தது இவ்வளவுதான். டி-யை அன்மவுண்ட் செய்தேன், அதாவது லினக்ஸில் இருந்து கழற்றினேன், என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் என்ற கட்டளையை ஓட்டினேன், வெற்றிகரமாக முடிந்தது என்று அது சொன்னது, திரும்ப மவுண்ட் செய்தேன், எழுத முடிந்தது, டீ வந்தது, குடித்துவிட்டுக் கிளம்பினேன். நடந்ததை லினக்ஸ் தானே குறித்து வைக்கும் லாக்கில் என்ன எழுதியிருக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கட்டளையின் பெயரில் ஃபிக்ஸ் என்று இருந்தாலும் அது ரிப்பேர் செய்கிற சாமான் இல்லை. ஒருசில அடிப்படைக் கோளாறுகளைத் தட்டிச் சரிசெய்து, பாதியில் நிற்கும் மாற்றங்களைக் குறித்து வைக்கும் என்டிஎஃப்எஸ்ஸின் ஜர்னலைக் காலி செய்து, அடுத்த தடவை விண்டோஸ் ஏறும்போது டிஸ்க்கைச் சோதிக்கச் சொல்லி ஒரு குறி வைத்துவிட்டுப் போகும், அவ்வளவுதான். இதெல்லாம் எனக்குத் தெரியாதது இல்லை. அவசரத்தில் தெரிந்தது எதுவும் கைக்கு வராது.

செவ்வாய்க்கிழமை பாலத்தைத் தாண்டும்போதே என் மனசில் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டேன்: உப்பு. இந்தக் கரையில் எது கெட்டாலும் முதல் குற்றவாளி உப்புதான். வாடைக் காற்று பிடித்துவிட்டால் தெற்குவாடியில் இரும்பு எதுவும் உருப்படாது, கேபினெட்டைத் திறந்தால் உள்ளே வெள்ளையாகப் பூத்திருக்கும், கனெக்டர் முனையில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். இங்கேயும் இருந்தது. ஆக, டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றினேன், மெமரி முனையை ரப்பரால் தேய்த்தேன், பவர் முனையைச் சுத்தம் செய்தேன், ஒன்றரை மணி நேரம் அதிலேயே போனது. அப்புறம்தான் ஸ்மார்ட் அளவுகளை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் எண்களைப் பார்த்தேன். 5-ஆம் எண், அதாவது கெட்டுப்போய் இடம் மாற்றிய செக்டர், சைபர். 197, சந்தேகத்தில் இருப்பவை, அதுவும் சைபர். 199-ஆம் எண் கேபிளில் வரும் பிழையைக் காட்டும், அதில் 3 இருந்தது, ஆனால் பழைய 3, எவ்வளவு ஜிபி காப்பி செய்து பார்த்தாலும் 3 தாண்டி ஏறவில்லை. டிஸ்க் நல்ல டிஸ்க். உப்பு அன்று ஒரு பாவமும் செய்யவில்லை.

சரி, காணாமல் போன கணக்குக்கு வருவோம். விண்டோஸுக்குள் போய் ரீஸ்டார்ட் கொடுத்தேன். திரும்ப ஏறும்போது டி-யைச் சோதிக்கிறேன் என்று செக்டிஸ்க் தானாக ஓடியது, நான் வைத்துவிட்டுப் போன குறியின் பலன். முடிந்ததும் டி-யில் ஃபவுண்ட்.000 என்று மறைந்திருக்கும் ஒரு ஃபோல்டர் முளைத்திருந்தது, உள்ளே சிஹெச்கே என்ற வாலோடு அநாதை ஃபைல்கள் ஏழு. லினக்ஸுக்கு வந்து ஃபைல் என்கிற கட்டளையை அவற்றின் மேல் ஓட்டினால் பெயரைப் பார்க்காமல் உள்ளடக்கத்தைப் பார்த்து என்ன வகை என்று சொல்லும். அதில் ஒன்று ஓபன்டாக்குமெண்ட் விரிதாள் என்று வந்தது. வாலை ஓடிஎஸ் என்று மாற்றித் திறந்தேன், சனிக்கிழமைக் கணக்கு முழுசாக இருந்தது. அக்கா கும்பிடாத சாமி பாக்கியில்லை.

ஆனால் அந்த ஃபைல் கடைசியாகச் சேமிக்கப்பட்ட நேரம் என்று உள்ளே இருந்தது சனிக்கிழமை இரவு 11.30. "ஆறு மணிக்கே பூட்டிட்டுப் போயிட்டேனே, ராத்திரி பதினொன்றரைக்கு யாரு வந்து எழுதுனது?" என்று அக்கா கேட்க, எடை போடுகிற பையன்கள் ஆளுக்கொரு பேய்க் கதையை எடுத்துவிட்டார்கள். எனக்கு அந்த இடைவெளியைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது: 6-க்கும் 11.30-க்கும் நடுவே 5.30. இந்திய நேரம். போர்டில் இருக்கும் கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தை வைக்கும், லினக்ஸ் அதை உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொண்டு மேலே ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டும். நெட் இருந்தால் லினக்ஸ் கொஞ்ச நேரத்தில் தன்னைத் திருத்திக்கொள்ளும். சனிக்கிழமை பகல் முழுக்க நெட் இல்லை. பேய் அவ்வளவுதான். டைம்டேட்சிடிஎல் கட்டளையில் உள்ளூர் கடிகாரம் என்று 1 போட்டு லினக்ஸை விண்டோஸின் வழிக்குக் கொண்டுவந்தேன். பொது நேரத்திலேயே கடிகாரத்தை வைப்பதுதான் முறை என்று லினக்ஸே ஒரு எச்சரிக்கை போடும், தெரியும், ஆனால் அந்தக் கொட்டகையில் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் கைவைக்க எனக்கு மனசில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு கிடைக்கவில்லை. அதன் இடத்தில் பையன் போட்ட பில்கள் உட்கார்ந்திருந்தன.

இப்போதுதான் உட்கார்ந்து லாக்கைப் படித்தேன், சனிக்கிழமையே செய்திருக்க வேண்டியது. லினக்ஸில் என்டிஎஃப்எஸ்ஸைத் திறந்து கொடுக்கும் டிரைவரான என்டிஎஃப்எஸ்-3ஜி ஒவ்வொரு தடவையும் ஒரே வாக்கியத்தைத்தான் எழுதியிருக்கிறது: மெட்டாடேட்டா, அதாவது எது எங்கே என்கிற விவரம், விண்டோஸின் கேஷில், அதன் தற்காலிக நினைவில், இருக்கிறது, மவுண்ட் செய்ய மறுக்கிறேன். அடுத்த வரியில், பகுதி பாதுகாப்பான நிலையில் இல்லாததால் படிக்க மட்டும் தருகிறேன் என்று. இதற்கு மேல் எப்படித் தெளிவாகச் சொல்வது? டிஸ்க் கெட்டுவிட்டது என்று அது எங்கேயுமே சொல்லவில்லை, அடுத்தவன் வேலை பாதியில் நிற்கிறது என்று சொல்லியிருக்கிறது, நான்தான் காது கொடுக்கவில்லை.

விஷயம் இது. விண்டோஸ் 8-இல் இருந்து, அதாவது 2012 முதல், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று உண்டு. ஷட் டவுன் கொடுத்தால் உங்கள் புரோகிராம்களை மூடும், உங்களை வெளியே அனுப்பும், ஆனால் விண்டோஸின் உள்மையமான கெர்னலை நிறுத்தாமல் அதன் நினைவை அப்படியே ஹைபர்ஃபில் என்ற ஃபைலில் கொட்டி வைத்துவிட்டுத் தூங்கப் போகும். மறுநாள் சீக்கிரம் எழுந்திருப்பதற்காக. அந்த நினைவுக்குள் டி டிரைவில் எது எங்கே இருக்கிறது, எந்த இடம் காலி என்கிற பட்டியலும் இருக்கும். ஹைபர்ஃபில் சி-யில்தான் இருக்கும், டி-யில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது, அதனால்தான் டி-க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டும் விண்டோஸ் முழுசாக நின்று முழுசாக ஏறும். ஷட் டவுன்தான் முழு நிறுத்தம், ரீஸ்டார்ட் சும்மா ஒரு சுற்று என்று நாம் நினைப்பதற்கு நேர் எதிர்.

அக்காவுக்கு இதை இப்படிச் சொன்னேன். நீங்கள் கூட்டலைப் பாதியில் விட்டுவிட்டு, எந்த வரியில் எவ்வளவு என்று மனசில் வைத்துக்கொண்டு சாப்பிடப் போகிறீர்கள். அந்த நேரத்தில் நான் வந்து உங்கள் சிட்டையில் நாலு வரி சேர்க்கிறேன். நீங்கள் திரும்ப வந்து பக்கத்தைப் பார்க்காமலே, மனசில் இருந்த தொகையில் இருந்து மேலே எழுதிக்கொண்டு போகிறீர்கள், என் வரிகளின் மேலேயே. "அப்ப மொத்தமும் நாசமாப் போகுமே" என்றார். போனது. வெள்ளிக்கிழமை இரவு பையன் ஷட் டவுன் செய்துவிட்டு ஊருக்குப் போனான். சனிக்கிழமை நான் ஜர்னலைத் துடைத்துக் கதவை உடைத்துக் கொடுத்தேன். சனி, ஞாயிறு அக்கா எழுதினார். திங்கள் மாலை பையன் வந்து பட்டனைத் தட்டியதும் விண்டோஸ் வெள்ளிக்கிழமை நினைவோடு எழுந்து, காலி என்று தான் நம்பிய இடத்தில் பில்லை எழுதியது. விண்டோஸ் செய்ததில் ஒரு குற்றமும் இல்லை.

என்டிஎஃப்எஸ் 1993-இல் விண்டோஸ் என்டி 3.1-ஓடு வந்தது. லினக்ஸில் இருந்து நம்பி எழுதுகிற அளவுக்கு என்டிஎஃப்எஸ்-3ஜி நிலையான பதிப்பாக 2007-இல்தான் வெளியானது. அது ஓரளவு இளகிய மனசுக்காரன், எழுத விடாவிட்டாலும் படிக்கவாவது விடும். 2021-இல் கெர்னல் 5.15-க்குள் வந்த என்டிஎஃப்எஸ்3 என்ற புது டிரைவரோ கறார்ப் பேர்வழி: வால்யூம் அழுக்காக இருக்கிறது, ஃபோர்ஸ் கொடுக்கவில்லை என்று ஒரு வரி போட்டுவிட்டு எழுதும் வகையில் ஏறவே ஏறாது. அந்த ஃபோர்ஸைக் கொடுப்பதும் நான் சனிக்கிழமை செய்ததும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இவ்வளவும் ஊகமாக இருக்கக்கூடாது என்று அக்காவிடம் ஒரு தாளைக் கொடுத்தேன், ஒவ்வொரு இரவும் கம்ப்யூட்டர் எப்படி நின்றது, மறுநாள் காலை லினக்ஸில் எழுத முடிந்ததா, இரண்டே கட்டம். ஐந்து நாள். அதுவரை டி-யில் எழுத வேண்டாம், லினக்ஸ் பக்கம் எழுதிக்கொள்ளுங்கள், சோதனைக்கு ஒரு வெற்று ஃபைலை மட்டும் சேமித்துப் பாருங்கள் என்றேன். பையன் ஷட் டவுன் செய்த இரண்டு இரவுக்கு மறுநாளும் முடியவில்லை. ரீஸ்டார்ட் செய்து லினக்ஸுக்கு வந்து அங்கிருந்து நிறுத்திய இரண்டு இரவுக்கு மறுநாளும் முடிந்தது. ஐந்தாவது இரவு மழை, பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது, யுபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்துப்போயிருந்தது. மறுநாள் லினக்ஸில் எழுத முடியவில்லை, லாக்கில் அதே வாக்கியம்.

அக்கா சொன்ன மழை! விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனாலும் ஜர்னல் மூடப்படாமல் அதே நிலையில்தான் நிற்கும், என்டிஎஃப்எஸ்-3ஜி-க்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஐப்பசியில் மழை பெய்தால் இங்கே கரண்ட் போகும், கரண்ட் போனால் டி பூட்டிக்கொள்ளும். நான் உப்பைச் சந்தேகப்பட்டதைவிட அவர் மழையைச் சந்தேகப்பட்டது உண்மைக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது.

வைத்தியம் சின்னது. விண்டோஸில் கட்டளைத் திரையை நிர்வாகியாகத் திறந்து பவர்சிஎஃப்ஜி, இடைவெளி, சாய்கோடு ஹெச், இடைவெளி, ஆஃப். அவ்வளவுதான், ஹைபர்ஃபில் அழிந்துவிடும், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் அதோடு போகும், சில ஜிபி இடமும் மிச்சம். கண்ட்ரோல் பேனலில் அந்த டிக்கை மட்டும் எடுத்தாலும் வேலை நடக்கும், ஆனால் எனக்கு வேரோடு பிடுங்குவதுதான் பிடிக்கும். இதைச் செய்வதற்கு முன் விண்டோஸ் முழுசாக ஏறியிருக்க வேண்டும், லினக்ஸில் இருந்துகொண்டு ஹைபர்ஃபிலை அழிக்கும் மவுண்ட் விருப்பம் ஒன்று உண்டு, விண்டோஸ் இனி எழுந்திருக்கவே எழுந்திருக்காது என்கிற நிலை வந்தால் ஒழிய அதைத் தொடாதீர்கள். யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி. எந்தப் பகுதியை எப்படி மவுண்ட் செய்ய வேண்டும் என்று லினக்ஸுக்குச் சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் டி-க்கான வரியில் நோஃபெயில் சேர்த்தேன், இல்லாவிட்டால் என்றாவது டி ஏறாத அன்று லினக்ஸே அவசர நிலைத் திரையில் போய் நின்று அக்காவைப் பயமுறுத்தும். விண்டோஸுக்கு ஆகாத பெயர்களைத் தடுக்கும் விண்டோஸ்_நேம்ஸ் என்ற விருப்பத்தையும் சேர்த்தேன், நேரம் எழுதும்போது பெயரில் முக்காற்புள்ளி போடும் பழக்கம் அக்காவுக்கு உண்டு, லினக்ஸ் அதை ஏற்றுக்கொள்ளும், விண்டோஸால் அந்த ஃபைலைத் திறக்க முடியாது.

நடுவில் ஒன்று. அதே வாரம் கீழக்கரையில் இருந்து ஒரு காக்கா, அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள், லேப்டாப் கொண்டுவந்தார், டி திறக்கவில்லை, இதே கதைதான் என்று நினைத்தேன். நல்லவேளையாக முதலில் டிஸ்க்கின் பகுதிகளைப் பட்டியல் போடும் எல்எஸ்பிஎல்கே-யை ஓட்டி வகையைப் பார்த்தேன்: பிட்லாக்கர், விண்டோஸே போடும் பூட்டு. அங்கே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தி ஒரு புண்ணியமும் இல்லை, 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும், அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருந்தது, கிரிப்ட்செட்டப் என்ற லினக்ஸ் கருவி 2.3 அல்லது அதற்கு மேல் இருந்தால் லினக்ஸிலேயே திறந்துகொள்ளலாம். பத்து நிமிஷ வேலை.

திரும்ப பாம்பனுக்கு. எல்லாம் முடிந்தது, ஒரு பேக்கப் எடுத்துவிட்டுப் போவோம் என்று கணக்கு ஃபோல்டரை லினக்ஸ் பகுதிக்கு இழுத்துப் போட்டேன். 14 ஃபைல் வரவில்லை. எனக்குத் திக்கென்றது, திரும்பவும் டிஸ்க்கா, திரும்பவும் உப்பா? செய்தியைப் படித்தால், ஃபைலின் பெயர் ரொம்ப நீளம் என்றிருந்தது. அக்கா பெயர் வைக்கும் முறை அப்படி, ஒரு ஃபைலின் பெயர் இது: "பாம்பன் தெற்குவாடி நாட்டுப்படகு நண்டு கொள்முதல் முன்பணம் கழித்தது போக பாக்கி விவரம் ஐப்பசி முதல் வாரம்". திறக்காமலே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமாம்.

கண்ணுக்கு 53 எழுத்து, 12 இடைவெளி. இதுவா நீளம்? என்டிஎஃப்எஸ் பெயரை யூடிஎஃப்-16 என்ற எழுத்துக் குறியீட்டில் வைக்கும், 255 அலகு வரை. "மு" என்றால் ம ஒன்று, உகரக் குறி ஒன்று, ஆக இரண்டு அலகு. "ம்" என்றாலும் மகரமும் புள்ளியுமாக இரண்டு. இப்படி எண்ணினால் இந்தப் பெயர் வாலோடு சேர்த்து 106, தாராளமாக அடங்கும். லினக்ஸ் தன் பகுதியில் ஃபைல்களை அடுக்கும் எக்ஸ்ட்4 முறையிலும் அளவு 255-தான், ஆனால் அது பைட் கணக்கு. அங்கே பெயர் இருக்கும் யூடிஎஃப்-8 குறியீட்டில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட், "மு" என்ற ஒரே எழுத்துக்கு 6. எண்ணிப் பார்த்தேன்: 90 தமிழ்க் குறி, 270 பைட், இடைவெளி 12, வால் 4, மொத்தம் 286. அடங்காது. ஆங்கிலத்தில் வைத்திருந்தால் 255 எழுத்து முழுசும் கிடைக்கும், தமிழில் 85 குறியோடு வாசல் மூடிவிடும். பத்து வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், யாரும் எனக்குச் சொன்னதில்லை, தமிழில் வாக்கியமாகப் பெயர் வைக்கிற ஒருவரிடம் போய்த்தான் தெரிந்தது.

வழி என்ன என்றால், டார் கட்டிவிடுவது. மொத்த ஃபோல்டரையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் நீளப் பெயர்கள் மூட்டைக்குள் பத்திரமாக இருக்கும், வெளியே மூட்டைக்கு மட்டும் தேதியில் ஒரு குட்டிப் பெயர், எக்ஸ்ட்4-க்கு அது போதும். அவிழ்க்கும்போது என்டிஎஃப்எஸ் பகுதியில் அவிழ்க்க வேண்டும், எக்ஸ்ட்4-இல் அவிழ்த்தால் அதே 14-ம் அங்கே மாட்டும். தினமும் மதியம் ஒரு மணிக்கு மூட்டை தானாகக் கட்டிக்கொள்கிறது, ஏழு நாள் மூட்டை இருக்கும், பழையது போகும்.

ஞாயிற்றுக்கிழமைக் கணக்கை அக்கா சிட்டையைப் பார்த்துத் திரும்ப ஏற்றிவிட்டார், முக்கால் மணி நேரம் ஆனது, 300 ரூபாயை நான் திருப்பிக் கொடுத்ததை வாங்கவில்லை, பேட்டரிக் காசில் கழித்துக்கொள்ளச் சொன்னார். இனிமேல் தேதி முதலில், பிறகு மூன்று சொல் என்று பெயர் வைக்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். பழைய 14-ஐ மாற்ற மட்டும் சம்மதிக்கவில்லை. "அது வச்ச பேரு, இருந்துட்டுப் போகட்டும்" என்றார். டி-யிலும் மூட்டைக்குள்ளும் அவை அப்படியே இருக்கின்றன.